விளையாட்டுக்கு ஒரு பாலபாடம்

உள்துறைமுகத்தை நோக்கியிருக்கும் எங்கள் வீதியில், ஒரு வீட்டின் முன்விறாந்தையிலே, சனிக்கிழமை தோறும் மாலையில் இளைஞர் ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்கின்றனர். மேசைமீது சில தாள்கள், பென்சில்கள், பல வண்ணக் கவறுகள். கவறு என்றதும் நம் வீட்டுத் தாயக்கட்டையை நினைத்துவிடலாகாது. நான்கு முகமுடையது, எட்டு முகமுடையது, பன்னிரண்டு முகமுடையது, இருபது முகமுடையது என அவை பலவகைப்படும். ஒருவர் கதை சொல்கிறார். ஏனையோர் அக்கதையினுள்ளே புகுந்து பேசுகின்றனர். ஒருவன் வாள்வீரன், ஒருத்தி மந்திரம் வல்லவள், இன்னொருவன் பூட்டுத் திறக்கும் கள்வன். “வாயிற்காவலனை ஏய்த்து உள்ளே போகிறேன்” என்கிறான் கள்வன். கவறு உருள்கிறது. பதினேழு விழுந்தால் காவலன் ஏமாறுகிறான். மூன்று விழுந்தால் கள்வன் அகப்படுகிறான். இன்னார் வென்றார், இன்னார் தோற்றார் என்னும் முடிவு அங்கே இல்லை. கதை முடியுமுன் இருட்டிவிடும். அடுத்த சனிக்கிழமை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இது பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு. நான் இதனைக் கதைக்களரி என்று அழைத்து வருகிறேன். பெயர் நிலைக்குமோ நிலையாதோ அறியேன்.

சில மாதங்களுக்கு முன் என் மாணவன் ஒருவன், மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பவன், அந்த விறாந்தைப் படியில் நின்று வேடிக்கை பார்த்தான். அதிகம் பேசாத பிள்ளை. ஆயினும் கதை கேட்பதில் பெருவிருப்புடையவன். மேசையிலிருந்த மூத்த இளைஞர் ஒருவர் அவனை அன்பாகவே அழைத்தார். அழைத்து, முந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஆங்கில நூலொன்றைக் கையிற் கொடுத்து, “இதை வாசித்துவிட்டு அடுத்த கிழமை வாரும்” என்றார். பையன் அடுத்த கிழமை நூலைத் திருப்பிக் கொடுக்க மட்டும் போனான். பின்னர் அப்பக்கம் தலைகாட்டவில்லை. ஏன் என்று நான் வினவியபோது, “இதெல்லாம் படிச்சுப் பாசாகினால்தான் விளையாட விடுவினமோ ஐயா?” என்று கேட்டான்.

அந்தக் கேள்வி அவ்விளைஞரைவிட என்னையே அதிகம் சுட்டது. ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்ததும் அதுவே. பத்து வயதுப் பிள்ளைகளின் முன் நன்னூலைத் திறந்து வைத்து, பாயிரத்திலிருந்து சூத்திரம் சூத்திரமாக ஒப்புவிக்கச் செய்தேன். சூத்திரங்கள் நானூற்று அறுபதைத் தாண்டும். எழுத்தியல் முடியுமுன்னரே வகுப்பிற் பாதிப் பேரின் கண்களில் தமிழ் இறந்துவிட்டது. இலக்கணம் கற்றபின்னரே மொழியின் இனிமை தெரியும் என்று அன்று நான் உறுதியாய் நம்பினேன். இனிமை தெரிந்தவனே இலக்கணத்தைத் தேடி வருவான் என்பதை அறியப் பல ஆண்டுகள் சென்றன.

இவ்விளையாட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அங்கும் இதே கதை நடந்திருக்கக் கண்டு வியந்தேன். ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ரகன்ஸ்’ என்னும் முதல் விளையாட்டை அமெரிக்காவில் கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் ஆக்கி 1974இல் வெளியிட்டனர். ஒரு சிறு பெட்டி; அதனுள் மூன்று சிறு நூல்கள்; முதற்பதிப்பில் ஆயிரம் பிரதிகள். அவ்விருவரும் பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் போர் விளையாடும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே தம் நூலைப் படிப்பவரும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே என்று கொண்டு எழுதிவிட்டனர். புதிதாய் வந்தவனுக்கு எது முதலில் செய்யத்தக்கது என்பதே விளங்கவில்லை. பக்கத்தில் இருந்து ஆடிப் பார்த்தவனே ஆடக்கூடியவனானான். குருவின்றிக் கைகூடாத வித்தையாக அது இருந்தது.

அந்நிலையை மாற்றியவர் ஒரு வைத்தியப் பேராசிரியர் என்பது சுவையான செய்தி. நரம்பியல் துறையைச் சேர்ந்த எரிக் ஹோம்ஸ் என்பார், புதியவருக்கென ஒரு சுருக்க நூல் வேண்டும் என்று தாமே முன்வந்து கேட்டு, பழைய விதிகளைத் திரட்டித் தெளிவாக்கினார். 1977இல் அது வெளிவந்தது. நாற்பத்தெட்டே பக்கங்கள். பாத்திரம் முதல் மூன்று படிகளில் ஏறும் வரைக்கும் வேண்டிய விதிகள் மட்டுமே அதில் இருந்தன. அதற்குமேல் வேண்டுவோர் பெருநூலை நாடுக என்று விட்டுவிட்டார். 1983இல் பிராங்க் மென்ற்சர் என்பவர் இன்னும் ஒரு படி கீழிறங்கி வந்தார். அவர் தொகுத்த செந்நிறப் பெட்டியில், ஆடுபவனுக்குரிய நூல் விதியோடு தொடங்குவதில்லை, கதையோடு தொடங்குகிறது. ‘நீ ஒரு வீரன், ஒரு குகையை நோக்கிப் போகிறாய்’ என்று படிப்பவனைத் தனியே கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. வழியில் ஒரு துணை கிடைக்கிறாள்; ஒரு தீயவன் எதிர்ப்படுகிறான்; துணை இறந்துபடுகிறாள். படிப்பவன் வருந்துகிறான். வருந்தி முடிக்கும்போது, கவறு உருட்டுவது எப்படி, காயம் கணக்கிடுவது எப்படி என்பவற்றைத் தன்னையறியாமலே கற்றிருக்கிறான். இந்த உபாயத்தை வகுத்தவருக்கு நம் ஆசிரிய கலாசாலைகளில் ஒரு நாற்காலி கொடுக்கலாம்.

நமக்கு இது புதிதன்று. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், நன்னூல் விருத்தியுரையைப் பரிசோதித்து அச்சிட்ட அதே கையாற் பாலபாடங்களையும் எழுதினார். பெரிய புராணத்தை வசனமாக்கினார், இலக்கணத்தைச் சுருக்கினார், வினாவிடையாகவும் தந்தார். பெருநூலை அறியாதவர் அல்லர் அவர்; நன்கறிந்தமையாலேயே எதை விடலாம் என்று அவருக்குத் தெரிந்தது. சுருக்குதல் அரைகுறைப் படிப்பினர் செய்யும் வேலை என்று எண்ணுவார் இன்றும் நம்மிடை உளர். அரைகுறையாய்ப் படித்தவனாற் சுருக்க முடியாது, வெட்டத்தான் முடியும். 1921இல் நிறுவப்பெற்ற யாழ்ப்பாணத்து ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கமும் பண்டித பரீட்சையை ஒரே மதிலாக எழுப்பிவிடவில்லை. பிரவேசம், பாலம், பண்டிதம் என மூன்று படி வைத்தது. முதற்படியின் பெயரே நுழைதல் என்று பொருள்படும்.

கூத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் ஊர்க்களரியில் விடியவிடிய ஆடப்பட்டவை. அவற்றைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு சில மணி நேரத்துள் அடங்குமாறு சுருக்கி, 1962இற் கர்ணன் போரையும் அதனையடுத்து நொண்டி நாடகம், இராவணேசன் முதலியவற்றையும் மேடையேற்றியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். களரியையே கண்டிராத நகரத்துப் பிள்ளை அந்த இரண்டு மூன்று மணி நேரத்தினாலன்றோ கூத்தின் பக்கம் திரும்பினான்? முழுக்கூத்துப் பின்னர் இருக்கவே இருக்கிறது.

கூத்தைப் பற்றிச் சொன்னதால் ஒன்று கூற வேண்டும். மேசைக் கதையிலே கதை சொல்லி நடத்துபவருக்கு நம் ஊரில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. அவர் அண்ணாவியார். அண்ணாவியார் புதிய கூத்தனிடம் ஏட்டுப் பிரதியை முழுதும் கொடுத்து மனனம் செய்துவா என்று அனுப்புவதில்லை. ஆளைப் பார்த்து, குரலைக் கேட்டு, ஏற்ற பாத்திரத்தைத் தெரிந்து, அவனுக்குரிய பாட்டையும் வசனத்தையும் மட்டும் கொடுக்கிறார். இதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். முதலில் தாளக்கட்டு; பின் ஆட்டம்; சதங்கை கட்டுவது பின்னால் வரும் சடங்கு. கதைக்களரிக்கு வரும் புதியவனுக்கும் இந்த முறையே போதும். அவனுக்குரிய பாத்திரத்தை முன்னரே ஆக்கி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்: பெயர், தொழில், வலிமை இவ்வளவு, அஞ்சுவது இதற்கு, விரும்புவது இதனை. ஏனைய விதிகள் அண்ணாவியாரின் தலையில் இருக்கட்டும். “நீ இப்போது என்ன செய்வாய்?” என்னும் ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்லத் தெரிந்தவன் எவனும் இவ்விளையாட்டை ஆடலாம். மறுமொழி சொல்லத் தெரியாதவன் யார்?

அந்தப் பையனுக்காக நானும் என் பழைய மாணவர் இருவரும் எட்டுப் பக்கத்தில் ஒரு சிறு நூல் எழுதத் தொடங்கினோம். அதைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

முதலிற் களம். குகையும் பனிமலையும் டிராகனும் வேண்டாம் என்று தீர்மானித்தோம். புதியவன் ஒரே நேரத்தில் விளையாட்டையும் கற்று, அறியாத நாட்டையும் கற்பனை செய்ய வேண்டியவனாகிறான். அது இரட்டைச் சுமை. நம் கண்முன்னே கொட்டியாரக் குடா கிடக்கிறது. 1659இன் இறுதியிற் சோழமண்டலக் கரைப் புயலிற் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் அதைச் சரிசெய்துகொள்ள அக்குடாவுக்கு வந்தது. கப்பற்றலைவரும், அவர் பெயரையே தானும் தாங்கிய மகன் றொபேட் நொக்சும், வேறு சில மாலுமிகளும் 1660இல் இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டுக் கண்டி நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தந்தை அங்கேயே இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்குமேற் சிறையிருந்து 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பியோடினார். அவர் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. அவர் பிடிபட்ட இடத்து மரம் இது என்று மூதூரில் ஒரு மரத்தைக் காட்டி வந்தனர்.

இதில் எத்தனை பாத்திரங்கள்! புளியமர நிழலிற் கப்பலைப் பார்த்து நிற்கும் மீனவன்; மரம் விற்க வந்த வணிகன்; இரு மொழி அறிந்த துபாசி; மன்னனின் ஆணையைத் தாங்கிவந்த திசாவையின் ஆள்; கரையிறங்கலாமா என்று ஐயுறும் மாலுமி. விளையாட்டு கப்பல் கண்ணுக்குத் தெரியும் கணத்தில் தொடங்குகிறது. என் மாணவன் மூதூர்க்காரன். அந்தக் குடாவை அறிந்தவன். ஆங்கில நூலை வாசித்த மூத்த இளைஞர்களுக்கு அது தெரியாது. முதல் நாளிலேயே அவனிடம் அவர்கள் கேட்டறியவேண்டி வந்தது: அலை எந்தப் பக்கம் அடிக்கும், கங்கை முகத்தில் மணற்றிட்டு எங்கே, இரவில் தோணி விடலாமோ என்று. பேசாத பிள்ளை பேசினான்.

திருகோணமலையிலே தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் பெரும்பாலும் வேறு வேறு பாடசாலைகளிற் படிக்கின்றனர். சந்தையிலும் பஸ்ஸிலும் அருகருகே நின்றும் ஒருவர் வீட்டுக் கதையை மற்றவர் அறியாதவராய் வளர்கின்றனர். இந்தக் களத்தில் யாரும் யாராகவும் வரலாம். துபாசியாக வருபவன் இரு பக்கத்தார் பேச்சையும் தன் வாயாற் சொல்ல வேண்டியவன். இதற்குமேல் இதைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. ஆடிப் பார்ப்போர் அறிவர்.

அடுத்தது கவறு. இருபது முகக் கவறு நம் கடைத்தெருவிற் கிடைப்பதன்று. கொழும்பிலிருந்தோ கடல்கடந்தோ வரவேண்டும். விலையும் மாணவர் கைக்கு எட்டாது. பழம்பொருள்தான் அது. எகிப்து தேசத்திற் கிடைத்த, கிரேக்க எழுத்துப் பொறித்த இருபது முகக் கல் ஒன்று நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் இருக்கிறது. அதனால் நமக்குப் பயனில்லை. அமெரிக்காவிலேயே 1979ஐ அண்டிக் கவறுகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, புதியவர்க்கான பெட்டியில் எண் அச்சிட்ட மட்டைத் துண்டுகளை வைத்து அனுப்பினார்கள். வெட்டியெடுத்துக் கிண்ணத்திலிட்டுக் கண்ணை மூடி எடுக்கவேண்டும். இதற்கு நம்மிடம் திருவுளச்சீட்டு என்று அழகிய பெயர் உண்டே! ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளைப் பால்மா ரின்னிலிட்டுக் குலுக்கினோம். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்ப இடவேண்டும். இடாவிட்டாற் கணக்குப் பிழைக்கும். சோழி உருட்டலாமே என்றார் ஒரு நண்பர். ஆறு சோழியை உருட்டினால் நடுவெண்களே அடிக்கடி விழும். ஆறும் மலர்வதும் ஆறும் கவிழ்வதும் அருமை. இருபது சீட்டில் எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. கணித ஆசிரியர்கள் இந்த இடத்தில் வந்து எங்கள் வகுப்பை எடுத்துக்கொள்ளலாம், மறுப்பில்லை.

கவறு என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு பெற்றார் என்னிடம் கோபித்தார். வள்ளுவர் சூதென்று ஓர் அதிகாரமே வகுத்துக் கடிந்தார். தருமன் நாடிழந்ததும் இதனாலன்றோ. பண்டிதர் ஒருவர் இதைப் பிள்ளைகளுக்குப் பழக்கலாமா என்றார். அவர் கோபத்தை மதிக்கிறேன். சூதின் குற்றம் கருவியில் இல்லை, பணயத்தில் இருக்கிறது. இம்மேசையிற் பணயம் இல்லை. பிறன் பொருளைக் கவர்தல் இல்லை. இங்குக் கவறு செய்வது ஒன்றே: கதை சொல்பவரும் தாம் நினைத்தபடி கதையை முடித்துவிட முடியாதபடி தடுப்பது. அவர் ஒருநாள் வந்து பக்கத்தில் இருந்து பார்ப்பதாகச் சொன்னார். இன்னும் வரவில்லை.

இனி என்னுடைய சொந்த வலுவீனத்துக்கு வருகிறேன். எட்டுப் பக்க நூலுக்குக் கலைச்சொல் ஆக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. முதல் இரவிலேயே நாற்பது சொற்கள் ஆக்கிவிட்டேன். மறுநாள் அவற்றை வாசித்துக் காட்டினேன். மாணவர் இருவரும் மரியாதையாக மௌனம் சாதித்தனர். மௌனத்தின் பொருள் எனக்கு விளங்கியது. முந்நூறு பக்க ஆங்கில நூலுக்குப் பதிலாக எட்டுப் பக்கத் தமிழ் மதிலை நான் கட்டியிருந்தேன்! சுவாமி விபுலாநந்தர் 1926இல் மதங்க சூளாமணி வாயிலாகச் சேக்சுபியரைத் தமிழருக்கு அறிமுகம் செய்தபோது அவரைச் செகசிற்பியார் என்றார். அந்தப் பெயரைக் கேட்டதும் அன்னியர் என்ற எண்ணம் அகன்றுவிடுகிறது. நான் ஆக்கிய சொற்கள் தெரிந்த பொருளையும் அன்னியமாக்கின. நாற்பதில் ஏழை வைத்துக்கொண்டு ஏனையவற்றை அடித்துவிட்டேன்.

ஏழனுள் ஒன்றைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மூல விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு இயல்புகள். வலிமை, உடலுறுதி, சுறுசுறுப்பு, வசீகரம் என்ற நான்கிலும் இடர்ப்பாடு இல்லை. எஞ்சிய இரண்டும் ஆங்கிலத்தில் இருவேறு அறிவுகள். ஒன்று கற்றும் ஆராய்ந்தும் அறிவது; மற்றது கண்டும் பட்டும் தெளிவது. நான் நூலறிவு, மெய்யறிவு என்றேன். மெய்யறிவு என்றால் ஞானிகளுக்குரியது போல இருக்கிறது, மீனவனுக்கு அது எப்படி என்று கேட்டான் மூதூர் மாணவன்; “பட்டறிவு என்று சொல்லுங்களேன் ஐயா” என்றான். பண்டிதன் தலை குனிந்தான். சொல் நூலில் ஏறியது.

மூல விளையாட்டின் அடிப்படை விதித்தொகுப்பை அதன் உரிமையாளர் 2023 சனவரியில் எவரும் எடுத்தாளவும் மொழிபெயர்க்கவும் கூடியவாறு பொது உரிமத்தின் கீழ் விட்டுவிட்டனர். மூலத்தைக் குறிப்பிட்டாற் போதும். ஆகவே தமிழ் நூல் ஆக்குவதற்குச் சட்டத் தடை என்று சொல்லி நாம் சோம்பியிருக்க இடமில்லை.

ஆட்டத்தின் நடுவிலே நாங்கள் அறிந்த சில. புதியவனுக்குப் பழையவர் மறுமொழி சொல்லிக் கொடுக்கக் கூடாது. இதுவே எல்லாவற்றிலும் கடினம். அவன் தயங்கும்போது மேசை முழுதும் அவனுக்காக யோசிக்கத் தொடங்கிவிடுகிறது. அண்ணாவியார் கையை உயர்த்தி மௌனம் காக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குமேல் முதல் நாள் நீளக்கூடாது. விதியை மறந்தால் ஏட்டைப் புரட்டாமல் அப்போதைக்கு ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. பிற நாடுகளில் ஆடுவோர் மேசையின் நடுவிற் புள்ளடி இட்ட மட்டையொன்றை வைக்கிறார்கள். கதையில் வருவது யாருக்கேனும் தாங்கொணாததாயின் அவர் அம்மட்டையைத் தொடலாம்; தொட்டவுடன் அக்காட்சி கைவிடப்படும்; காரணம் கேட்கப்படமாட்டாது. இது மிகையான மென்மை என்று முதலில் எண்ணினேன். எங்கள் மூன்றாவது மாலையில் அண்ணாவியார் புயலை வருணிக்கையில் கடல் பின்வாங்கியது என்றொரு வாசகம் சொன்னார். மேசையில் ஒரு பெண்பிள்ளை மட்டையைத் தொட்டாள். 2004 மார்கழி இருபத்தாறு அன்று அவள் பிறந்திருக்கவில்லை. அவள் வீட்டுச் சுவரில் மாலையிட்ட படங்கள் மூன்று இருப்பதை நான் அறிவேன். அண்ணாவியார் ஒன்றும் கேளாமற் கப்பலை அமைதியான கடலில் நிறுத்தி, “விடிகிறது, கரையில் யாரோ தீ மூட்டுகிறார்கள், என்ன செய்வாய்?” என்று அவளையே கேட்டார். அவள் தோணியை இறக்கச் சொன்னாள்.

நூல் அச்சுக்குப் போகுமுன் இரண்டு சொற்கள் தீராமல் நிற்கின்றன. பாத்திரம் எத்துணைக் காயத்தைத் தாங்கும் என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு நான் உயிர்நிலை என்றேன். மாணவர் உயிர்க்கணக்கு என்கின்றனர். நச்சுக்கோ மந்திரத்துக்கோ தப்பிப் பிழைப்பதற்காக எடுக்கும் சீட்டுக்கு இன்னும் பெயரே இல்லை. பிழைப்புச் சீட்டு என்றால் வயிற்றுப்பாட்டை நினைப்பிக்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் தமக்குத் தோன்றும் சொல்லை ஒரு அஞ்சலட்டையில் எழுதி இப்பகுதியின் முகவரிக்கு அனுப்புக. பத்து வயதுப் பிள்ளை ஒருமுறை கேட்டதும் திருப்பிச் சொல்லக்கூடிய சொல்லாக இருக்கட்டும். வரும் சொற்களை மூதூர் மாணவனிடமே கொடுத்துத் தெரியச் செய்வதாக இருக்கிறேன்.